லிஃப்ட் மெக்கானிக்கைக் கண்டெடுத்தவர்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து பத்துக்கு, தபால் நிலைய வாசலில் நாற்பது பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது, லிஃப்ட் மெக்கானிக் யார் கண்ணுக்கும் தெரியாதவராக ஆனார். வானம் தெளிவாக இருந்தது, லேசான காற்று. வரிசை இருபது நிமிடமாக நகரவில்லை என்பதால் நாற்பது பேருக்கும் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அப்படியிருந்தும், அவர் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிக்கு அடியில் சுண்டுவிரல் நுனி அளவுள்ள காந்த டப்பா ஒன்றை ஒட்டியதை ஒருவரும் பார்க்கவில்லை. ஷூ கயிறு கட்டுவதுபோல் குனிந்தார், ஒட்டினார், நிமிர்ந்தார். ஒன்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வேலையும் செய்ததில்லை என்று அவருக்கே தோன்றியது. அந்தத் திருப்தியோடு, அன்றைக்குப் பார்க்க வேண்டிய மூன்று லிஃப்ட்களில் முதலாவதை நோக்கி நடந்தார். எதிரில் வந்த யாரும் அவருக்கு வழிவிடவில்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு அது பழக்கம்தான்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. டப்பா தேடுவது என்பார்கள். ஒருவர் எங்காவது ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எண்களை வலைத்தளத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் போனில் ஏற்றிக்கொண்டு வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே வைத்திருக்கும் சின்னப் பொருள் எதையாவது எடுத்தால் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். தின்கிற பொருள் வைக்கக் கூடாது, எறும்பு வரும். எடுத்த இடத்திலேயே எடுத்த மாதிரியே திருப்பி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுப்பதையும் வைப்பதையும் வெளியாட்கள் பார்க்கவே கூடாது. வெளியாள் என்றால் இந்த விளையாட்டில் இல்லாத எவரும்: வாட்ச்மேன், போலீஸ்காரர், காலை நடை போகிறவர், கட்டின மனைவி. ஊரில் அறுபத்திரண்டு பேர் இதில் இருந்தார்கள், சங்கம் வைத்திருந்தார்கள், மாதத்தின் முதல் ஞாயிறு நூலக மாடியில் கூடிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒரு வெளியாளிடம்கூட இதுவரை சிக்காதவர் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர்தான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தார். மனைவி ஒரே ஒரு தட்டு எடுத்துவைத்துச் சாப்பிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கேட்ட எதற்கும் பதில் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காரணம் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்ததை மறந்துவிட்டு, அவர் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். முன்பொரு முறை மனைவி நான்கு நாள் பேசாமல் இருந்ததுண்டு. எனவே நான்கு நாள் பொறுத்தார். மிச்சமிருந்ததைப் போட்டுச் சாப்பிட்டார், பாத்திரம் தேய்த்தார், நல்ல பேர் வாங்கலாம் என்று பரணைக்கூடச் சுத்தம் செய்தார். ஐந்தாம் நாள் மனைவியின் முகத்துக்கு நேராக நின்று, போதும்மா, மன்னிச்சுடு என்றார். மனைவி ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். இது ஏன் இப்படி முனகுகிறது என்று கதவைத் திறந்து மூடினார். அப்போதுதான் இது கோபம் இல்லை, தான் கண்ணுக்கே தெரியவில்லை என்று லிஃப்ட் மெக்கானிக்குக்கு உறைத்தது.

மனைவிக்கு அதே நான்கு நாள் வேறு விதமாகப் போயிருந்தது. கணவர் சொல்லாமல் கொள்ளாமல் ஏதோ மலைக்குப் போயிருக்கிறார் என்று முதலில் நினைத்தார், அப்படிப் போகக்கூடியவர்தான். மூன்றாம் நாள் கம்பெனிக்குப் போன் செய்தார். லிஃப்ட் எல்லாம் ஓடுகிறது, புகார் ஒன்றும் இல்லை, அதனால் ஆள் வேலைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார் என்றார் மேலாளர். நேரில் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, இந்த வேலையில் லிஃப்ட் நின்றால்தான் ஆளைத் தேடுவார்கள் என்று ஆறுதலாகச் சொன்னார். சாப்பாடு குறைவதும் பரண் சுத்தமானதும் மனைவிக்குத் தெரியாமல் இல்லை. நான் இல்லாத நேரம் பார்த்து வந்து போகிறார் என்று முடிவு கட்டி, வாசல் கதவின் உட்பக்கம் ‘வந்தால் இருங்கள்’ என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். அதற்குக் கீழே அன்று இரவே ‘இருக்கிறேன்’ என்று எழுதப்பட்டது. அது அவர் கண்ணில் படவில்லை.

ஆளை முதலில் கண்டவர் முந்திரி. மோட்டார் சைக்கிளில் கூரியர் கொண்டுபோகிறவர். எந்த டப்பாவை எங்கே போட்டாலும் எல்லோரையும் முந்திப் போய் நோட்டின் முதல் வரியில் கையெழுத்துப் போட்டுவிடுவதால் சங்கம் வைத்த பெயர் அது. ஆளும் கொஞ்சம் முன்பக்கமாக வளைந்திருப்பார். தபால் நிலைய டப்பாவுக்கு அனுமதி கிடைத்து எண்கள் வெளியானது ஞாயிறு காலை ஆறு மணிக்கு. ஆறு இருபதுக்கு முந்திரி அங்கே இருந்தார். படிக்கட்டில் லிஃப்ட் மெக்கானிக் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். உங்கள் டப்பாவுக்கு நீங்களே காவலா அண்ணே என்று முந்திரி கேட்டார். ஐந்து நாளில் தன்னிடம் ஒருவர் பேசிய முதல் வார்த்தை அது என்பதால் லிஃப்ட் மெக்கானிக் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகு இருவரும் சோதித்துப் பார்த்தார்கள். படியைவிட்டுப் பத்தடி நகர்ந்தால் முந்திரிக்கும் அவர் தெரியவில்லை. திரும்ப வந்து, எண்களை வைத்துக்கொண்டு தேடினால் சட்டைப் பொத்தான்வரை தெளிவாகத் தெரிந்தார். எண்ணோடு தேடி வருகிறவர்களுக்கு, எண் சொல்கிற இடத்தில் மட்டும் ஆள் தெரிவார் என்று முந்திரி புரிந்துகொண்டார். நோட்டில் முதல் கையெழுத்தைப் போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று லிஃப்ட் மெக்கானிக்கின் உள்ளங்கையிலும் ஒன்று போட்டார்.

மனைவி மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். மறுநாள் முந்திரி அங்கே போனபோது, இரண்டு நர்ஸுகள் முயன்று கைவிட்ட ஒரு முதியவரின் கையில் அவர் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். தேடும்போது கண்ணை மூடிக்கொள்வார். இரண்டு விரலால் மெல்ல அழுத்தி, நகர்த்தி, அழுத்தி, இதோ என்று ஊசியைப் போடுவார், தப்பாது. முந்திரி பஞ்சு ஒட்டும்வரை காத்திருந்தார்.

“அண்ணி, அண்ணன் காணாமப் போகலை. இங்கதான் இருக்கார். உங்களுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.”

“இங்கன்னா எங்க?”

“என் பின்னாடியே வர்றேன்னு சொன்னார். இந்த இடத்துக்கு எண் இல்லாததால எனக்கும் தெரியலை.”

“நீங்க குடிப்பீங்களா?”

இல்லை அண்ணி என்று சொல்லி, முந்திரி நடந்ததை முதலிலிருந்து விவரித்தார். வாசல் கதவில் நீங்கள் ஒட்டிய சீட்டுக்குக் கீழே அவர் பதில் எழுதியிருக்கிறாராம் என்பதையும் சொன்னார். போனை எடுங்கள், இரண்டு நிமிடத்தில் விளையாட்டில் சேர்த்துவிடுகிறேன், தபால் நிலையத்துக்கு வந்தால் பார்த்துவிடலாம் என்றார். மனைவி கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார்.

“பதினேழு வருஷமாக் குடும்பம் நடத்துறேன். என் புருஷன் எங்க இருக்கார்னு மேல சுத்துற சாட்டிலைட்டைக் கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கணும்னா, தெரியாமலே இருக்கட்டும்.”

அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஆனால் வீட்டுக்குப் போனதும் கதவின் உட்பக்கச் சீட்டின் முன் வெகுநேரம் நின்றார். தன் எழுத்து மட்டும்தான் தெரிந்தது. கீழே வெற்றிடத்தை விரலால் தடவினார். பேனா அழுத்திய பள்ளம் தட்டுப்பட்டது, ஆறு எழுத்து. அன்றிலிருந்து மேஜையில் இரண்டு தட்டு வைத்தார். பேசத்தான் இல்லை.

முதல் ஞாயிறுவரை பொறுக்க முடியாது என்று சங்கம் புதன்கிழமையே கூடியது. தலைமை சர்வேயர் அம்மா. நில அளவைத் துறையில் இருபத்தெட்டு வருடம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். இந்தப் பகுதியில் வலைத்தளத்தின் சார்பில் டப்பாக்களுக்கு அனுமதி கொடுப்பவரும் அவரே. ஒரு மனிதரை டப்பாவாகப் பதிவு செய்யலாமா என்பது கேள்வி. பதிவு செய்தால்தான் எண், எண் இருந்தால்தான் ஆள். இரக்கம் உள்ளவர்கள் உடனே சரி என்றார்கள். விதி தெரிந்தவர்கள் யோசித்தார்கள். டப்பாவுக்கு மூடி வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்று ஒருவர் ஆரம்பிக்க, தொப்பியும் மழைக்கோட்டும் போதாதா என்று இன்னொருவர் கேட்டார். நாலாயிரம் டப்பா முடித்த பல் டாக்டருக்கு எண்ணிக்கைதான் உயிர். அவர் எழுந்து, தினம் ஒரு தடவை ஆளைக் கண்டுபிடித்தால் தினம் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாமா என்றார். கூடாது என்று மற்ற அறுபது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சங்கத்தின் சரித்திரத்தில் எல்லோரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். தின்கிற பொருள் கூடாது என்ற விதி இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட்டது. கடைசியில், வீட்டார் போடும் சாப்பாடு பராமரிப்பில் அடங்கும் என்று தீர்மானம் எழுதினார்கள். முந்திரியின் உள்ளங்கைக் கையெழுத்து செல்லாது, பதிவாகாததை யாரும் முதலில் கண்டுபிடிக்க முடியாது என்று சர்வேயர் அம்மா தீர்ப்புச் சொன்னார். அந்தக் கையெழுத்து ஏற்கெனவே சோப்பில் போயிருந்தது. முந்திரி பதினோரு பக்கத்துக்கு மறுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

மிஞ்சியது ஒரு சிக்கல். நகரும் டப்பாக்களை எப்போதோ தடை செய்துவிட்டார்கள். ஆகவே லிஃப்ட் மெக்கானிக் வேலை நேரம் போக நிரந்தரமாக ஓரிடத்தில் இருந்தாக வேண்டும், அந்த இடத்தின் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். சர்வேயர் அம்மா மறுநாள் போனோடு தபால் நிலையப் படிக்குப் போய், எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டார். சமையலறை மேஜை, ஜன்னல் பக்கத்து நாற்காலி என்றார் லிஃப்ட் மெக்கானிக். அதில் நீங்கள் உட்கார்ந்தே வருடக்கணக்காகிறது என்று உங்கள் மனைவி சொல்கிறாரே என்று கேட்டார் சர்வேயர் அம்மா. அதனால்தான் என்றார் அவர். விண்ணப்பம் மூன்று பிரதிகளில் மனைவிக்குப் போனது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார், நிபந்தனைகளோடு. ஞாயிறு தவிர மற்ற நாட்களில் மாலை ஏழிலிருந்து எட்டரை வரைக்கும்தான் ஆட்கள் வரலாம். ஞாயிறு காலையிலிருந்து மாலை வரைக்கும் வரலாம், அன்றைக்குக் கணவர் நாற்காலியைவிட்டு எங்கும் போகக் கூடாது. மணி அடித்துவிட்டு வர வேண்டும், போட்டோ எடுக்கக் கூடாது. கணவரின் ஞாயிற்றுக்கிழமைகளை அவர் திரும்ப வாங்கியது அந்த ஒரு பக்கக் கடிதத்தில்தான்.

முதல் ஞாயிறு எண்பத்தேழு பேர் வந்தார்கள். பிறகு குறைந்து, வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு என்று நிலைத்தது. வந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே வாசலிலிருந்து சமையலறைக்கு வருவார்கள், ஃபிரிட்ஜுக்கும் மேஜைக்கும் நடுவே தடுமாறுவார்கள், சட்டென்று முகம் மலரும். நாற்காலியின் முதுகில் நூல் கட்டித் தொங்கிய நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். சாவிக்கொத்து, கோலிக்குண்டு, பொத்தான், சின்னப் பொம்மை என்று எதையாவது கொடுத்துவிட்டு, லிஃப்ட் மெக்கானிக் தரும் நட்டு போல்ட்டை வாங்கிப்போவார்கள். மனைவி அடுப்பருகே நின்று, காலி நாற்காலியோடு பேசிச் சிரிக்கிற அந்நியர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் மாதம் அவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் மாதம் ஒரு பள்ளி வாத்தியாரிடம், எப்படி இருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டார். கொஞ்சம் மெலிந்திருக்கிறார், தாடி வளர்ந்திருக்கிறது என்றார் வாத்தியார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வழியாகவே குடித்தனம் நடந்தது.

“அம்மா, கேஸ் சிலிண்டர் தீரப்போகுதுன்னு சொல்றார்.”

“அது எனக்குத் தெரியும்னு சொல்லுங்க.”

“நீங்க பேசுறது அவருக்குக் கேட்குதும்மா. நான் சொல்ல வேண்டியதில்லை.”

“தெரியும். நீங்களே சொல்லுங்க.”

இப்படி ஒரு தபால்காரர் மைத்துனரோடு சமாதானம் பேசி முடித்தார், இரண்டு கல்லூரிப் பெண்கள் குளியலறைக் குழாயை மாற்றலாமா வேண்டாமா என்ற விவாதத்தை முக்கால் மணி நேரம் நடத்திக்கொடுத்தார்கள். கணவன் மனைவிக்கு நடுவே புகக் கூடாது என்று விதி எதுவும் இல்லையா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டார். சர்வேயர் அம்மா விதிப் புத்தகத்தை முழுக்கப் புரட்டிவிட்டு, இல்லை என்றார்.

ஆறாவது மாதம், யாரும் வராத ஒரு வியாழக்கிழமை மாலை, மனைவி தன் வீம்பை விட்டார். போனில் சேர்ந்தார், எண்களை ஏற்றினார், முறைப்படி இருக்கட்டும் என்று தெருமுனைவரை போய்த் திரும்பி நடந்து வந்தார். அம்புக்குறி வீட்டைக் காட்டியது, வாசலைக் காட்டியது, சமையலறையைக் காட்டியது. வந்துசேர்ந்துவிட்டீர்கள் என்று போன் அறிவித்தது. நாற்காலி காலியாக இருந்தது. இரண்டு முறை தெருமுனைவரை போய் வந்தார். மூன்றாவது முறை மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தலையோடு சர்வேயர் அம்மாவுக்குப் போன் செய்து, உங்கள் மெஷின் என்னை ஏமாற்றுகிறது என்றார்.

“மெஷின் மூணு மீட்டருக்குள்ள கொண்டுவந்து விடும், அவ்வளவுதாம்மா அதோட சாமர்த்தியம்,” என்றார் சர்வேயர் அம்மா. “மத்தவங்க எங்கிருந்தோ வர்றாங்க, அவங்களுக்கு அது போதும். நீ குடியிருக்கிறதே அந்த மூணு மீட்டருக்குள்ள. உனக்கு அதால ஒண்ணும் பண்ண முடியாது.”

அடுத்த ஞாயிறு மதியம் பால் லாரி ஓட்டுகிற பெண் ஒருவர் வந்தார். நான்கு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருந்தார். கையெழுத்துப் போட்டார், ஒரு பித்தளை மணியைக் கொடுத்தார், நட்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவர் கிளம்பும்போது மனைவி, இருங்கள், இவரிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும், பதிலை மட்டும் எனக்குச் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். அடுப்பை அணைத்தார். நாற்காலியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாலு மணிக்கு மருத்துவமனைக்கு வாருங்கள் என்று உங்களிடம் சொன்னேன், சின்ன டெஸ்ட் என்றேன் என்று ஆரம்பித்தார். சின்ன டெஸ்ட் இல்லை. மார்பில் கட்டி இருந்தது, எடுத்தார்கள். நாலிலிருந்து ஆறரை வரைக்கும் வராண்டாவில் என் செருப்பும் பையும் மட்டும் இருந்தன. நீங்கள் ஏதோ பாலத்துக்கு அடியில் குழாய்க்குள் இருந்தீர்கள், போனை அமர்த்திவைத்திருந்தீர்கள். நான் தனியாக வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தேன். நீங்கள் சேறோடு வந்து, என்னாச்சு என்றீர்கள். ஒன்றும் இல்லை என்றேன். கட்டியும் கெட்டது இல்லை என்று பதினைந்து நாள் கழித்துத் தெரிந்தது. அந்தப் பதினைந்து நாளில் ஒரு நாள்கூட நீங்கள் மறுபடி கேட்கவில்லை.

“கேட்டுச்சான்னு கேளுங்க,” என்றார் லாரி ஓட்டுநரிடம்.

லாரி ஓட்டுநர் நாற்காலியைப் பார்த்தார். இதைச் சொல்வது விதிப்படி சரியா என்று யோசித்தவர்போல் தயங்கினார்.

“கேட்டுச்சுக்கா. அழறார்.”

“எப்படி?”

“சத்தமில்லாம. ரெண்டு கையையும் மேஜை மேல வச்சுக்கிட்டு.”

மனைவி அவருக்கு நன்றி சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டார். மணி அடிக்காதபடி ஸ்விட்சை அணைத்தார். திரும்பி வந்து மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். வெளியே யாரோ வண்டியைக் கிளப்பும் சத்தம் வந்து அடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு வலது கையை நீட்டி, மேஜையின் மேல் இரண்டு விரலை வைத்தார். மரத்தின் வரிகள் தட்டுப்பட்டன, ஒரு பழைய கத்திக் கீறல், ஒரு கோலிக்குண்டு. அவசரப்படவில்லை. பரிசோதனைக் கூடத்தில் எத்தனையோ கைகளில் செய்ததுபோல அழுத்தினார், நகர்த்தினார், அழுத்தினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மரம் சட்டென்று வெதுவெதுப்பானது. வெதுவெதுப்புக்கு அடியில், கட்டைவிரல் பக்கமாக, ஒன்று துடித்தது. அவர் எண்ணிப் பார்த்தார். நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.

கண்ணைத் திறந்தார். வாத்தியார் சொன்னது உண்மைதான், மெலிந்திருந்தார்.

“தாடி நல்லா இல்லை,” என்றார் மனைவி.

“எடுத்துடறேன்,” என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

அதற்குப் பிறகு அந்த மேஜையில் என்ன பேசினார்கள் என்பது சங்கத்தின் ஆவணங்களில் இல்லை. மாலை ஆறு மணிக்கு வந்த இரண்டு பேர் மணி அடித்துப் பார்த்துவிட்டு, ‘கிடைக்கவில்லை’ என்று வலைத்தளத்தில் பதிவு செய்தார்கள் என்பது மட்டும் இருக்கிறது. விரல் நாடியில் இருக்கும்வரை ஆள் தெரிந்தார், பேச்சுக் கேட்டது. எடுத்தால் நாற்காலி காலி. ஒரு வாரத்துக்குள் மனைவிக்கு இடது கையாலும் கண்டுபிடிக்க வந்துவிட்டது, ஒரு மாதத்தில் நடந்துகொண்டே கண்டுபிடித்தார்.

சங்கம் இதற்கும் கூடியது. எண் இல்லாமல், போன் இல்லாமல் தேடிக் கண்டது கணக்கில் வருமா என்று பல் டாக்டர் கேட்டார். வராது என்று பாதிப் பேர், வேறு எது கணக்கில் வரும் என்று மீதிப் பேர். டப்பாவின் பொறுப்பாளரே டப்பாவைக் கண்டுபிடித்ததாகப் பதிவு செய்வது முறையல்ல என்ற பழைய விவாதமும் தூசு தட்டி எடுக்கப்பட்டது. சர்வேயர் அம்மா, முதலில் நோட்டைக் கொண்டுவாருங்கள் என்றார். கொண்டுவந்து பிரித்தபோது முதல் வரி வெள்ளையாக இருந்தது. பதிவு வெளியான அன்று காலை ஆறரைக்கே வந்து முதல் வரியில் மறுபடியும் கையெழுத்துப் போட்டிருந்த முந்திரி, அதை வெள்ளை மையால் அழித்திருந்தார். ஒன்பது வருடத்தில் அவர் விட்டுக்கொடுத்த முதல் முதலிடம் அது. காரணம் கேட்டார்கள். நான் பார்த்தேன், அண்ணி கண்டுபிடிச்சாங்க, ரெண்டும் ஒண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு பார்சல் கொடுக்கப் போய்விட்டார். காய்ந்த வெள்ளை மையின் மேல் மனைவி பரிசோதனைக் கூடத்துப் பேனாவால் கையெழுத்துப் போட்டார்.

பிறகு வருடங்கள் போயின. சங்கத்தில் மூன்று தலைவர்கள் மாறினார்கள், காந்த டப்பாக்களுக்குத் தடை வந்து நீங்கியது, பல் டாக்டர் பத்தாயிரத்தைத் தொட்டுவிட்டு அடுத்த நாளே விளையாட்டைவிட்டு மீன் பிடிக்கப் போனார். சர்வேயர் அம்மா ஆண்டுக்கொரு முறை பரிசோதனைக்கு வந்து, நல்ல நிலையில் உள்ளது, ஈரம் இல்லை, மேற்பக்கம் கொஞ்சம் நரைத்திருக்கிறது என்று எழுதிவிட்டு டீ குடித்துப் போனார். லிஃப்ட் மெக்கானிக் ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் ஒரு கடிகாரத்தை மேஜையில் வைத்துவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள். சற்று நேரத்தில் கடிகாரம் அங்கே இல்லை, அதனால் வாங்கிக்கொண்டார் என்று தெரிந்தது. அக்கம்பக்கத்தார், அந்த அம்மா எப்போதும் இடது கையைச் சற்று விலக்கி, இரண்டு விரலை நீட்டிக்கொண்டு நடப்பதைப் பழகிக்கொண்டார்கள். சிலர் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வழியும் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவது நிற்கவில்லை. ஆனால் வருடத்தில் ஒரு வாரம், ‘பராமரிப்புப் பணி, தற்காலிகமாக இல்லை’ என்று வலைத்தளத்தில் போட்டுவிட்டு இருவரும் கடல் பார்க்கப் போவார்கள். அப்படிப் போன ஒரு காலை பேருந்தில் நல்ல கூட்டம். மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையின் மேல் இரண்டு விரலை ஊன்றியபடி, வெளியே பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கையில் பெரிய பையோடு ஏறிய ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இருக்கையைப் பார்த்தார்.

“இங்க ஆள் இருக்கா?”

“இருக்கு,” என்றார் மனைவி.

அந்தப் பெண் இருக்கையை இன்னொரு தடவை பார்த்தார். பையைக் கால் மேல் இடிக்காமல் தூக்கிக்கொண்டு, கொஞ்சம் வழி விடுங்க சார் என்று அந்த இருக்கையிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார்.